இரண்டாம் கண்

மார்ச் 2, 1944. வியாழன்

இன்று விமானப்படை விங் தலைமையகத்தில் எனக்கு எனாமல் குவளையில் தேநீர் கொடுத்தார்கள். மற்ற ஆறு வெள்ளைக்காரர்களுக்கும் பீங்கான் கோப்பை. பரிமாறியவன் தவறிச் செய்ததல்ல. தட்டில் என் குவளையைத் தனியே ஓரமாக வைத்துக் கொண்டுவந்தான். நான் தொடவில்லை. கூட்டம் முடியும்வரை அது என் முன்னால் ஆறிக்கொண்டிருந்தது. ஸ்க்வாட்ரன் லீடர் பிரென்டிஸ் அதைப் பார்த்தார். பார்க்காததுபோலப் பேசிக்கொண்டே போனார்.

அவருக்கு இருபத்தெட்டு வயது. விங்கின் உளவுத் தகவல் அதிகாரி, எனக்கு மேலானவர். எனக்கு நாற்பத்தாறு. பூகோளத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றுப் பதினெட்டு வருடம் கல்லூரியில் நிலப்படம் வாசிக்கக் கற்பித்தவன். முதல்வர் நாற்காலி என் முறைக்கு வந்தபோது, கப்பலிலிருந்து இறங்கி நாலு மாதம்கூட ஆகாத ஒரு வெள்ளைக்காரனை அதில் உட்கார வைத்தார்கள். 1939 ஜூன் 12, திங்கட்கிழமை. அந்தத் தேதியை நான் மறப்பதற்கில்லை.

இங்கே என் வேலை, பறந்துவிட்டு வரும் பைலட்டை உட்கார வைத்துக் கண்டதைக் கேட்டு, எழுதி, மதிப்புப் போட்டு விங்கிற்கு அனுப்புவது. மதிப்பில் இரண்டு பங்கு. சொல்பவனை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு ஓர் எழுத்து. சொன்னதை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு ஓர் எண். ஏ-1 என்றால் படை நகரும். பி-2 என்றால் யாராவது போய்ப் பார்ப்பார்கள். சி-3 என்றால் கோப்பில் தூங்கும்.

இன்று பிரென்டிஸ் ஒரு புது விதி சொன்னார். எங்கள் ஸ்க்வாட்ரன் பைலட் தரையில் எதைக் கண்டாலும், கூடப் பறந்த இரண்டாமவனும் கண்டிருந்தால்தான் அது செல்லும். இதே ஓடுதளத்தில் வெள்ளைக்காரர் ஸ்க்வாட்ரன் ஒன்று இருக்கிறது. அவர்களுக்கு இந்த விதி இல்லை. மார்ச் முடியும்வரை எங்கள் கண்களுக்குத் தேர்வாம். தேறாவிட்டால் ஹரிகேன் விமானங்களைப் பிடுங்கிக்கொண்டு எங்களை வங்கக் கடற்கரைக்கு அனுப்புவார்கள். அங்கே பீரங்கிக்காரர்கள் சுட்டுப் பழகுவதற்குத் துணிப்பையைக் கட்டி இழுத்துக்கொண்டு பறக்க வேண்டும்.

எங்கள் கமாண்டர் தத்தாவிடம் சொன்னேன். வங்காளி, பதினாறு மாதமாக இம்பாலைச் சுற்றியுள்ள இந்த மலைகளுக்கு மேல் பறக்கிறவர். சிகரெட்டை அணைத்துவிட்டு, "ஒரு மாதம் இருக்கிறதல்லவா" என்று மட்டும் சொன்னார்.

மார்ச் 3

எங்கள் பைலட் சேஷகிரி, ஆற்றுக்குக் கிழக்கே காட்டில் புகை எழுவதைக் கண்டிருக்கிறான். சமையல் புகை என்கிறான். கூடப் பறந்தவன் பார்க்கவில்லை. பி-2 போட்டேன். சேஷகிரியின் தகப்பனாரும் நானும் சென்னையில் ஒரே ஹாஸ்டலில் இருந்தோம். நிதானமான குடும்பம்.

மார்ச் 4

சலவைக்காரன் இரண்டு சட்டைகளைக் கருக்கிவிட்டான். வயிறு இன்னும் சரியாகவில்லை. சாப்பாட்டை அறைக்கே அனுப்பும்படி மெஸ் சமையல்காரன் குஞ்ஞிராமனிடம் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. கூஜாவும் தம்ளரும் ஊரிலிருந்து கொண்டுவந்தது நல்லதாயிற்று.

மார்ச் 5. ஞாயிறு

எத்திராஜைப் பற்றி இதுவரை எழுதவில்லை. பைலட் ஆபீசர். வயது இருபத்து மூன்று. வந்து மூன்று வாரம். கோலார் தங்கவயல். முதல் நாள் ஊரைக் கேட்டேன், சொன்னான். தகப்பனார் என்ன செய்கிறார் என்றேன். "சுரங்கத்தில், நிலத்துக்குக் கீழே" என்று இங்கிலீஷில் சொன்னான். எந்தப் பகுதிக் குடியிருப்பு என்றும் அவனாகவே சொன்னான். மேற்கொண்டு கேட்க ஒன்றுமிருக்கவில்லை. படிப்பு பி.எஸ்ஸி. எப்படியோ தேர்வுக் குழுவைத் தாண்டி வந்திருக்கிறான். இங்கிலீஷ் சுத்தமாக இருக்கிறது. தமிழ்தான் 'கீது', 'இன்னா' என்று காதைக் குத்துகிறது. நான் அவனிடம் இங்கிலீஷிலேயே பேசுகிறேன். எல்லோருக்கும் அதுதான் வசதி.

அவனுக்கு இரண்டாமவன் பெல்லியப்பா. குடகுக்காரன். சிரிக்காமல் ஒரு வாக்கியம் பேசத் தெரியாது. இருவரும் கன்னடத்தில் பேசிக்கொள்வார்கள். பெல்லியப்பா என்னை 'ப்ரொபசர்' என்று கூப்பிடுகிறான். சென்னையில் படித்தபோது கற்ற தமிழில், "ப்ரொபசர், மெஸ்ஸுக்கு வாங்க, உங்க வயிறு எங்ககூட என்ன சண்டை?" என்று இன்று கேட்டான்.

மார்ச் 6

சேஷகிரி கண்ட புகை, மலைவாசிகள் பயிருக்காகக் காடு எரித்த புகையாம். பிரென்டிஸ் தொலைபேசியில் நீளமாகச் சிரித்தார். முப்பது நாள் தேர்வில் முதல் கேள்விக்கே தப்பான விடை. சேஷகிரியை நான் ஒன்றும் சொல்லவில்லை. யாருக்கும் நேரக்கூடியதுதான்.

மார்ச் 8. புதன்

எத்திராஜ் பதினொன்றரைக்கு இறங்கினான். வழக்கமாக என் மேஜை முன்னால் நின்றுகொண்டே பேசுவான். நான் உட்காரச் சொல்வதில்லை, அவனும் எதிர்பார்ப்பதில்லை. இன்று தோல் தொப்பியைக்கூடக் கழற்றாமல் படத்தைப் பிரித்து மூன்றாம் மலைமுகட்டில் விரலை வைத்தான். இங்கிலீஷில் ஆரம்பித்தவன் பாதியில் தமிழுக்கு மாறிவிட்டான்.

"மரத்துக்குக் கீழ ஒரு கோடு சார். கருப்பா கீது. புதுசா வெட்டின மண்ணு."

நிழலாக இருக்கலாம் என்றேன், இங்கிலீஷில்.

"நெழலு நகரும் சார். நான் ரெண்டு சுத்து சுத்திப் பாத்தேன். நாங்க பொறந்து வளந்ததே சுரங்கத்து மண்ணுமேட்டுப் பக்கத்துல. காலைல கொட்டின மண்ணு ஈரத்துல கருப்பா இருக்கும், வெயில் ஏறினா வெளுத்துடும். இது இன்னிக்கு வெடிகாலம் வெட்டினது. அப்புறம் வளைவப் பாருங்க. ரெண்டு வளைவு. மனுசன் நடக்கறதுக்கு எவனும் அவ்ளோ அகலமா வெட்ட மாட்டான். பீரங்கி திரும்பணும்னா வெட்டுவான்."

அந்த முகட்டில் பாதை எதுவும் படத்தில் இல்லை. அதன் வழியாக ஜப்பானியர் பீரங்கியோடு வந்தால், சமவெளியில் நாங்கள் இருக்கும் இடத்துக்கு மூன்று நாள்.

பதினெட்டு வருடத்தில் எந்த மாணவனும் எனக்கு இவ்வளவு தெளிவாக நிலத்தை வாசித்துச் சொன்னதில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

பெல்லியப்பாவைக் கேட்டேன். அவன் எதையும் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது. இவர்கள் இருவராகப் பறக்கும்போது முன்னால் போகிறவன் தரையைப் பார்ப்பான். பின்னால் வருகிறவன் இடமும் வலமுமாக வளைந்து வளைந்து வானத்தை மட்டும் பார்ப்பான், எதிரி விமானம் வால்பக்கம் வந்துவிடாமல். ஒருவன் கண் கீழே, ஒருவன் கண் மேலே. உயிரோடு திரும்புவதற்கு அதுதான் வழி.

சி-3 போட்டேன். புதியவன். இரண்டாமவன் உறுதி செய்யவில்லை. விதி விதிதான். குறிப்புப் பகுதியில், பைலட்டின் தகப்பனார் சுரங்கத் தொழிலாளி என்பதையும் சேர்த்தேன். பின்புலம் தெரியட்டும் என்றுதான்.

மார்ச் 9

அறிக்கை திரும்பி வந்தது. ஓரத்தில் பிரென்டிஸின் பென்சில்: "தகப்பன் தோண்டுகிறான், அதனால் மகனுக்கு எங்கு பார்த்தாலும் பள்ளம் தெரிகிறது."

எனக்கு ரத்தம் கொதித்தது. எங்களில் ஒருவனைப் பற்றி எழுதும் மொழியா இது?

மார்ச் 10

எத்திராஜ் அதே இடத்துக்கு மறுபடியும் போயிருக்கிறான். இந்தமுறை இருநூறு அடி உயரத்தில். இறக்கையில் துப்பாக்கி ரவை துளைத்த ஏழு ஓட்டைகள். ஆளே இல்லாத மலையில் சுடுவது யார் என்று பிரென்டிஸிடம் தொலைபேசியில் கேட்டேன். நம்முடைய காவல் படையினரே பயந்துபோய் எதையும் சுடுவார்கள் என்றார். இரண்டாமவன் பார்த்தானா என்றார். இல்லை. புகைப்படக் கருவி பொருத்திய விமானம் வேண்டும் என்றேன். பத்து நாள் ஆகும் என்றார்.

சி-3.

மார்ச் 11. சனி

பல் விளக்கும் பொடி தீர்ந்துவிட்டது. கரியும் உப்பும்.

பெல்லியப்பா மாலை என் குடிசை வாசலுக்கு வந்து நின்றான். சிரிப்பில்லை. ஏன் அவன் நண்பனுக்கு மட்டும் சி-3 என்று கேட்டான். விதியைச் சொன்னேன். கீழே பார்க்கிற இரண்டாமவன் செத்த இரண்டாமவன், இது ப்ரொபசருக்குத் தெரியாதா என்றான். தெரியும் என்றேன். பிறகு ஒரு யோசனையும் சொன்னேன், பேச்சோடு பேச்சாகத்தான். முகட்டைக் கடக்கிற அந்த அரை நிமிடம் மட்டும் அவனும் தலையைக் குனிந்து பார்த்துவிட்டால் விஷயம் முடிந்துவிடும். அதற்கு மேல் என்னால் சி-3 போட முடியாது.

"அரை நிமிஷம்தானே" என்றான்.

நான் உத்தரவிடவில்லை. எனக்கு உத்தரவிடும் அதிகாரமே கிடையாது.

மார்ச் 13

பெல்லியப்பா திரும்பவில்லை.

மார்ச் 14. செவ்வாய்

நேற்று மேற்கொண்டு எழுதக் கை வரவில்லை. மலேரியா மாத்திரையின் கோளாறாக இருக்கலாம்.

நடந்தது இது. நேற்றுக் காலை ஒன்பதேகாலுக்கு இருவரும் மூன்றாம் முகட்டை அடைந்திருக்கிறார்கள். ஜப்பானியச் சண்டை விமானங்கள் இரண்டு சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு இறங்கின. முதல் தாக்குதலிலேயே பெல்லியப்பாவின் விமானம் தீப்பிடித்து மலைச்சரிவில் மோதியது. எத்திராஜ் திரும்பி நேருக்கு நேர் போயிருக்கிறான். இருவரில் ஒருவனைச் சுட்டு வீழ்த்தியதாகச் சொல்கிறான். மற்றவன் மேகத்துக்குள் போய்விட்டான். எத்திராஜின் விமானம் சக்கரம் இறங்காமல் வயிற்றால் தேய்த்துக்கொண்டு ஓடுதளத்தில் வந்து நின்றது. மண்டையில் நாலு தையல்.

இன்று அவனை விசாரித்து எழுத வேண்டியிருந்தது. மருத்துவக் கூடாரத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். நான் நின்றேன்.

பெல்லியப்பா எதிரியை ஏன் பார்க்கவில்லை என்று கேட்டேன்.

"வயர்லெஸ்ல பேசினான் சார். 'மச்சா, நானும் ஒருவாட்டி பாத்துக்கிறேன்'னான். வேணாம்டான்னேன். 'ப்ரொபசருக்கு ரெண்டு கண்ணு வேணுமாம்'னு சிரிச்சான். அந்தச் சிரிப்போட அறுந்துபோச்சு."

நான் எழுதுவதை நிறுத்தியிருந்தேன். "எழுதிக்குங்க சார்" என்றான்.

வயர்லெஸ் தொடர்பு துண்டிக்கப்பட்டது என்று எழுதினேன்.

மார்ச் 16

விங் விசாரணை. இருபது நிமிடத்தில் முடிந்தது. இரண்டாமவனின் கவனக்குறைவே இழப்புக்குக் காரணம். எத்திராஜ் வீழ்த்தியதாகச் சொல்லும் விமானத்துக்குச் சாட்சி இல்லை, எனவே கணக்கில் வராது. பாதை பற்றிய தகவலுக்கும் சாட்சி இல்லை. இந்திய பைலட்டுகளுக்குக் கூடப் பறப்பவனைக் காக்கும் ஒழுங்கு வரவில்லை என்பதற்கு இது உதாரணம். மாத முடிவில் ஸ்க்வாட்ரனைத் திரும்பப் பெறச் சிபாரிசு.

என்னிடம் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று பிரென்டிஸ் கேட்டார். இல்லை என்றேன்.

இன்று தேநீர் பீங்கான் கோப்பையில் வந்தது. குடித்தேன்.

மார்ச் 17

குடகிலிருந்து பெல்லியப்பாவுக்கு ஒரு பார்சல். காப்பிக்கொட்டை, ஒரு கம்பளிச் சட்டை. தத்தா திருப்பி அனுப்பச் சொன்னார். மேல்விலாசம் எழுதும் வேலை எனக்கு.

மார்ச் 18. சனி

காலை தத்தாவிடம் போனேன். பின்னிருக்கை உள்ள ஹார்வர்ட் விமானம் ஒன்று எங்களிடம் இருக்கிறது. தபாலுக்கும் பயிற்சிக்கும் வைத்திருப்பது. துப்பாக்கி கிடையாது, வேகமும் கிடையாது. எத்திராஜ் ஓட்டட்டும், பின்னிருக்கையில் நான் உட்கார்ந்து பார்க்கிறேன், இரண்டாம் கண் அதுவாக இருக்கட்டும் என்றேன்.

தத்தா என்னைத் தலைமுதல் கால்வரை பார்த்தார். "உங்களுக்கு வயிறு சரியில்லையே" என்றார். பிறகு, நாளை காலை இம்பாலில் தனக்கு ஒரு கூட்டம் இருப்பதாகவும், ஹார்வர்டைச் சோதனை ஓட்டம் விட வேண்டிய நாள் எப்போதோ தாண்டிவிட்டதாகவும், அது எந்தத் திசையில் போகும் என்று தனக்குத் தெரியாது என்றும் சொன்னார்.

எத்திராஜிடம் நான் போய்ச் சொல்லவேண்டியிருந்தது. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் அவன் கூடாரத்துக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். எங்கள் ஊர்ப்பக்கம் சமமானவனிடம் பேசுகிற மாதிரிதான் கடைசியில் வாயில் வந்தது.

"நாளைக்கு என்னையும் கூட்டிட்டுப் போவீராவே?"

அவன் பூட்ஸுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. "ஆறரைக்கு ரெடியா இருங்க சார்" என்றான்.

மார்ச் 19. ஞாயிறு. பகல்

சாப்பிடுவதற்கு முன் எழுதிவிடுகிறேன்.

பாராசூட்டை எனக்குக் கட்டிவிட்டவன் எத்திராஜ். இடுப்பு வாரை இழுக்கும்போது அவன் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. தையல் போட்ட இடம் இன்னும் வீங்கியிருந்தது. "மேல நான் பாத்துக்கறேன். நீங்க கீழ மட்டும் பாருங்க" என்றான். ஒரு ஆள் ஓட்டிக்கொண்டே மேலேயும் பார்ப்பதென்றால் என்ன என்று இரண்டாம் மலையைத் தாண்டும்போதுதான் எனக்குப் புரிந்தது. விமானம் ஒரு கணமும் நேராகப் பறக்கவில்லை. இடது, வலது, இடது. அவன் தலை சுழன்றுகொண்டே இருந்தது. நான் இரண்டுமுறை வாந்தி எடுத்தேன்.

மூன்றாம் முகடு தெரிந்தபோது, சரிவில் ஒரு கரிந்த வட்டம். மரங்கள் உச்சி முறிந்து நின்றன. அவன் இறக்கையை ஒருமுறை தாழ்த்தி உயர்த்தினான். நான் கண்ணை மூடிக்கொண்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பிறகு காதில் அவன் குரல்.

"இப்போ எடது பக்கம் வரும். கண்ண மூடாதீங்க. நல்லாப் பாத்துக்குங்க சார். அப்புறம் போயி சி-மூணுன்னு எழுதக் கூடாது."

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. மதிப்பெண்ணைப் பைலட்டுகளுக்குக் காட்டுவதில்லை. கோப்பு என் மேஜையில்தான் கிடக்கும். எப்போது பார்த்தான்? அவன் தகப்பனாரைப் பற்றி நான் எழுதியதையும் பார்த்திருப்பானா? சேஷகிரிக்கு நான் பி-2 போட்ட தாள் அதற்கு முந்தினதுதான்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தபோதே அது என் கண்ணுக்குக் கீழே வந்துவிட்டது. கரிய கோடு. அவன் சொன்னது போலவே ஈரமண். இரண்டு வளைவுகள், ஒவ்வொன்றும் மாட்டு வண்டி ஜோடியாகத் திரும்பும் அகலம். இப்போது மூன்றாவது வளைவும் வெட்டியிருந்தார்கள். புதர்கள் பாதையின் ஓரத்தில் வரிசையாக, ஒரே இடைவெளியில் நின்றன. காட்டுப் புதர் வரிசையில் முளைக்காது. ஒரு புதர் அசைந்தது. அதன் கீழ் ஒரு சக்கரம்.

"சக்கரம்" என்றேன்.

"எத்தினி?"

"ஒன்பது புதர். இல்ல, பதினொண்ணு."

"எண்ணிட்டீங்களா?"

"எண்ணிட்டேன்."

அப்போதுதான் சுட்டார்கள். என் காலடியில் தகரம் கிழிகிற சத்தம். அவன் விமானத்தைப் பள்ளத்தாக்குக்குள் கவிழ்த்தான். இறங்குகிற வழியில், மூங்கில் காட்டுக்குள் ஓர் இறக்கை செங்குத்தாக நின்றது. அதில் ஜப்பானியரின் சிவப்பு வட்டம். அவன் அதைச் சுட்டிக்காட்டவில்லை. நானாகத்தான் கண்டேன்.

ஓடுதளத்தில் இறங்கியதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. அவன் தோளில் தண்ணீர்ப் புட்டி தொங்கியது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவனும் பார்த்தான். புட்டியை நீட்டவில்லை. மூடியைத் திறந்து தான் மட்டும் குடித்துவிட்டு நடந்துபோனான்.

மார்ச் 19. மாலை

ஏ-1.

மார்ச் 22

படை நகர்ந்துவிட்டது. நேற்று மூன்றாம் முகட்டின் அடிவாரத்தில் பீரங்கி வண்டிகளை வழிமறித்தார்களாம். பகல் முழுவதும் கிழக்கே இடி முழக்கம்போல் கேட்டுக்கொண்டிருக்கிறது. எங்கள் ஹரிகேன்கள் ஒரு நாளைக்கு நாலுமுறை போய் வருகின்றன. எத்திராஜும்.

மார்ச் 24. வெள்ளி

விங்கிலிருந்து கடிதம். பிரென்டிஸ் தாமே கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

பகைவரின் மலைப்பாதையை, வயதையும் பொருட்படுத்தாமல் நேரில் சென்று கண்டுபிடித்த பிளையிங் ஆபீசர் குத்தாலிங்கம் பிள்ளைக்கு, அதாவது எனக்கு, பாராட்டு. அவரை விங்கின் துணை உளவுத் தகவல் அதிகாரியாக உயர்த்தச் சிபாரிசு. எத்திராஜின் பெயர் ஓரிடத்தில் வருகிறது: "விமானத்தை ஓட்டியவர்." ஸ்க்வாட்ரன் பற்றிய முடிவில் மாற்றமில்லை. பைலட்டுகளின் கண்கள் தேறவில்லை, அதிகாரி ஒருவரின் கண்தான் தேறியது. வீழ்ந்த விமானத்தை நான் கண்டது பற்றி ஒரு சொல்கூட இல்லை. பெல்லியப்பா மீதான 'கவனக்குறைவு' அப்படியே நிற்கிறது.

பிரென்டிஸ் கை கொடுத்தார். படித்த மனிதரோடு வேலை செய்வது மகிழ்ச்சி என்றார்.

மார்ச் 25

கடிதத்தை நாலு முறை படித்தேன். ஐந்து வருடமாக இப்படி ஒரு கடிதத்துக்குத்தான் காத்திருந்தேன். ஊருக்கு, அந்தக் கல்லூரிக்கு, ஒரு பிரதி அனுப்பலாம் என்றுகூடத் தோன்றியது. மேல்விலாசம் எழுதினேன். பெல்லியப்பாவின் பார்சலுக்கு எழுதிய அதே பேனா.

மார்ச் 26. ஞாயிறு

இன்று காலை மூன்று பத்தி எழுதினேன். அவற்றின் சாரம் இங்கேயும் இருக்கட்டும்.

ஒன்று. பாதையைக் கண்டுபிடித்தவர் பைலட் ஆபீசர் எத்திராஜ், மார்ச் 8 அன்று. நான் பதினொரு நாள் கழித்து அவர் காட்டியதைப் பார்த்தேன். அவர் வீழ்த்திய விமானத்தின் சிதைவையும் பார்த்தேன்.

இரண்டு. அவருடைய அறிக்கைக்குச் சி-3 போட்டது நான். அதற்கு ஐந்து நாள் முன்பு, அதைவிடச் சொற்பமான, உறுதி செய்யப்படாத ஒரு தகவலுக்கு பி-2 போட்டதும் நான். இரண்டு தாள்களும் இணைப்பில்.

மூன்று. பெல்லியப்பா கவனக்குறைவால் சாகவில்லை. இரண்டாம் கண் வேண்டும் என்ற விதிக்காகக் கீழே பார்த்துச் செத்தார். பார்க்கச் சொன்னது நான்.

இரண்டாம் பத்தியில் காரணம் எழுத வேண்டியிருந்தது. 'மதிப்பிடுவதில் நேர்ந்த பிழை' என்று முதலில் எழுதினேன். அடித்தேன். அதற்குப் பிறகு எழுதிய வாக்கியத்தை இங்கே திரும்ப எழுதப் போவதில்லை. அது உண்மை, அது போதும்.

பிரென்டிஸ் நின்றுகொண்டே படித்தார். இது மேலே போனால் என் பதவி உயர்வு போகும், அதைவிட மோசமானதும் வரலாம் என்றார். விதி அவருடையது என்பதால் அவரையும் கேட்பார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. காகிதத்தை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு, நாம் இருவரும் இதை மறந்துவிடலாம் என்றார்.

பிரதி ஒன்று தத்தாவின் கையெழுத்தோடு நேராக மேலிடத்துக்கு ஒன்பது மணித் தபால் விமானத்தில் போய்விட்டது என்று சொன்னேன். அவர் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைப்பானேன்.

மார்ச் 29. புதன்

உத்தரவு வந்தது. ஸ்க்வாட்ரன் இங்கேயே இருக்கும். இரண்டாம் கண் விதி ரத்து. பெல்லியப்பாவின் பெயரிலிருந்து 'கவனக்குறைவு' நீக்கம். எத்திராஜுக்கு ஓர் எதிரி விமானம் கணக்கில்.

எனக்குக் கண்டனம். உயர்வு கிடையாது. வெள்ளிக்கிழமை விமானத்தில் நான் பின்னால் ஏதோ ஒரு கிடங்குக்குப் போக வேண்டும், கம்பளியும் மண்ணெண்ணெயும் எண்ணுவதற்கு. பிரென்டிஸ் இருக்கிற இடத்திலேயே இருக்கிறார். அதை நான் எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தும் எரிகிறது.

பகல் சாப்பாட்டுக்குக் குஞ்ஞிராமன் தட்டோடு அறைக்கு வந்தான். திரும்பக் கொண்டுபோகச் சொன்னேன், மெஸ்ஸில் சாப்பிடுகிறேன் என்றேன். வயிறு சரியாகிவிட்டதா என்று கேட்டான். வயிற்றுக்கு ஒன்றுமில்லை என்றேன்.

மூங்கில் மேஜையில் ஒன்பது பேர் இருந்தார்கள். பெல்லியப்பாவின் நாற்காலியை யாரும் எடுக்கவில்லை, யாரும் அதில் உட்காரவும் இல்லை. அதற்கு அடுத்த நாற்காலி காலி. அதற்கு அடுத்ததில் எத்திராஜ். நான் போய் நடுவில் உட்கார்ந்தேன். அவன் எழுந்திருக்கவில்லை. வாங்க என்றும் சொல்லவில்லை. சோறும் ஆட்டுக்கறியும். கறியில் காரம் அதிகம்.

மேஜையில் எல்லோருக்கும் ஒரே செம்பு. அவன் தூக்கிக் குடித்துவிட்டு எனக்கும் அவனுக்கும் நடுவில் வைத்தான். இந்தமுறை நான் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. எடுத்தேன். அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நான் குடித்து முடிக்கும்வரை பார்த்தான். அது மன்னித்த பார்வை இல்லை. கணக்குச் சரியா என்று பார்க்கிற பார்வையும் இல்லை. தரையில் ஒரு கோட்டைக் கண்டு, அது நிழலா மண்ணா என்று இரண்டாவது சுற்றுப் போகிறவனின் பார்வை.

ஏதாவது பேச வேண்டும்போல் இருந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"நாளைக்குக் காலையில உமக்குப் பின்னால யாரு வாரா?"

"சேஷகிரி" என்றான். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "எவனா இருந்தா இன்னா சார். மேல மட்டும் பாக்கறவனா இருந்தா போதும்."